முதியோர் பெருகும் நாட்டில் அரசு எப்படித் திட்டமிட வேண்டும்? ஜப்பான் செய்தது என்ன?

ஜப்பான் 2000 ஏப்ரலில், முதுமையில் அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுவோருக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயதானால் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். பயனாளி தரும் பங்கு போக, மீதிச் செலவில் பாதி சந்தா, பாதி வரிப்பணம். பயனாளி பங்கு பொதுவாக 10 சதவீதம். வருமானம் கூடுதலானால் 20 அல்லது 30.

உதவி வேண்டுவோர் நகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். ஊழியர் வீட்டுக்கு வந்து எழுந்து நிற்பது, குளிப்பது, ஞாபகம் என 74 விஷயங்களைப் பார்ப்பார். கணினி முதலில் கணக்கிடும். பிறகு மருத்துவர் கருத்தோடு நிபுணர் குழு 7 நிலைகளில் ஒன்றைத் தீர்மானிக்கும். காப்பீட்டில் பெறும் சேவைக்கு அந்த நிலைக்கேற்ப மாத உச்சவரம்பு உண்டு. கையில் பணம் தருவதில்லை, சேவைதான். பணம் கொடுத்தால் சுமை மருமகள் தலையிலேயே நிற்கும் என்ற வாதம் அன்று வலுவாக எழுந்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நகராட்சிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேவையைக் கணித்து, 65 வயது தாண்டியோரின் சந்தாவை அதற்கேற்ப மாற்றுகின்றன. நாம் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

இடறிய இடம் ஆள்பலம். பராமரிப்புக் கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் ஊழியர் சம்பளம் எளிதில் உயர்வதில்லை. காப்பீடு இருந்தும் குளிப்பாட்ட ஆள் கிடைக்காவிட்டால் அந்த முதியவருக்கு என்ன பயன்?