ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் கார்டு செருகுவது எப்படி? கேள்வி பதில்

சிங்கப்பூரில் சர்வர் பக்கம் வேலை பார்க்கிறவர்களும் படிக்கிறவர்களும் கேட்டவற்றில், க்யூஎமுவில் (விஎம், அதாவது மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) பல ஃபங்ஷன் (ஒரே கார்டுக்குள் தனிச் சாதனம்போல வேலை செய்யும் பகுதி) உள்ள பிசிஐ கார்டுகளைச் சேர்ப்பது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

உட்லண்ட்ஸ், பாலிடெக்னிக் மாணவர்: அக்கா, க்யூ35 மெஷினில் (க்யூஎமு தரும் ஒரு கணினி மாதிரி) ஒரே ரூட் போர்ட்டில் (பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு செருகும் இடம்) இரண்டு நெட்வொர்க் கார்டு போடப் பார்க்கிறேன். 0.0 (ஸ்லாட் 0, ஃபங்ஷன் 0) சேர்ந்துவிட்டது. 0.1 போட்டால், ஃபங்ஷன் 0 ஏற்கெனவே இருக்கிறது, புதியதை கெஸ்ட்டுக்கு (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) காட்ட முடியாது என்று திட்டுகிறது. வரிசையாகத்தானே போட்டேன்?

அந்த வரிசைதான் சிக்கல், தம்பி. 0.1-ஐ முதலில் போடுங்கள், 0.0 கடைசியில். கெஸ்ட் லினக்ஸ் ஒரு ஸ்லாட்டைப் பார்க்க வந்தால் முதலில் ஃபங்ஷன் 0-இன் கதவைத்தான் தட்டும். அங்கே ஆள் இல்லை என்றால் பக்கத்துக் கதவுகளைத் தட்டாமலே அடுத்த மாடிக்குப் போய்விடும். அதனால் க்யூஎமு 1 முதல் 7 வரை சேர்ப்பதைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, 0 வந்த பிறகுதான் கெஸ்ட்டுக்குத் தகவல் சொல்கிறது. 0 சேர்ந்துவிட்ட பிறகு மற்றவை வருவதற்கு வழியில்லை.

ஃபங்ஷன் 0-க்கு 'மல்ட்டிஃபங்ஷன்=ஆன்' கட்டாயம். ஹெடர் டைப் ரெஜிஸ்டரின் (சாதனம் எந்த வகை என்று சொல்லும் இடம்) 7-ஆவது பிட் அதனால்தான் 1 ஆகிறது. அதைப் பார்த்துத்தான் மற்ற ஏழையும் தேடலாம் என்று கெஸ்ட் முடிவு செய்கிறது. மற்ற ஃபங்ஷன்களுக்குப் போடாவிட்டாலும் குற்றமில்லை. 0.1 போட்டபின் மனம் மாறினால், சாதனத்தைக் கழற்றும் கட்டளையான டிவைஸ்_டெல் கொடுங்கள். கெஸ்ட்டுக்குத் தெரியாத சாமான் என்பதால் அதைக் கேட்காமலே போய்விடும்.

தை செங், இரவு ஷிஃப்ட் எஞ்சினியர்: ஒரு ஃபங்ஷனை மட்டும் டிவைஸ்_டெல் செய்தேன். இரண்டும் போய்விட்டன. பக் தானே?

இல்லை. வெளியே எடுப்பது ஸ்லாட் கணக்கில்தான். எதைச் சொன்னாலும் ஸ்லாட்டில் இருக்கிற அத்தனையும் போகும். நிஜக் கார்டைப் பிடுங்கினாலும் பாதி மட்டும் வராதே. தனித்தனியாகக் கழற்ற வேண்டியவற்றைத் தனி ரூட் போர்ட்டில் வையுங்கள். சேவை ஓடும் விஎம்மில் நான் அப்படித்தான் செய்வேன். மிச்சமாகும் ஒரு போர்ட்டுக்காக இந்த வம்பு வேண்டாம்.

அதே எஞ்சினியர்: இன்னொன்று, சில நேரம் டிவைஸ்_டெல் கொடுத்தும் சாமான் அப்படியே இருக்கிறது.

அது வேண்டுகோள்தான், உத்தரவு இல்லை. கெஸ்ட் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருந்தால் காதில் வாங்காது. டிவைஸ்_டெலிட்டட் என்ற நிகழ்வு வந்தால்தான் போனது என்று அர்த்தம். ஸ்கிரிப்ட் அதற்காகக் காத்திருக்கட்டும். பிசிஐ எக்ஸ்பிரஸின் சொந்த ஹாட்பிளக் (ஓடும்போதே செருகிக் கழற்றும் முறை) என்றால், கார்டைக் கழற்றப்போகிறேன் என்று சொல்லும் அட்டென்ஷன் பட்டனை அழுத்திய கணக்கு. லினக்ஸ் 5 விநாடி பொறுத்துத்தான் கழற்றும். க்யூஎமு 6.1-லிருந்து க்யூ35-க்கு ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் ஓஎஸ்ஸும் வன்பொருள் பற்றிப் பேசிக்கொள்ளும் முறை) வழிதான் இயல்பு, அதில் இந்தக் காத்திருப்பு கிடையாது.

ஜூரோங் வெஸ்ட்: ஜிபியூவின் ஆடியோவை 0.1 என்று முதலில், ஜிபியூவை 0.0 என்று கடைசியில், சரியான வரிசையில் போட்டேன். லினக்ஸ் பார்க்கிறது, ஆனால் மெமரிக்கு இடமில்லை என்கிறது.

பூட் ஆகும்போதே ஃபர்ம்வேர் ஒவ்வொரு ரூட் போர்ட்டுக்கும் முகவரி இடத்தை அளந்து கொடுத்துவிடுகிறது. காலியாக இருந்த போர்ட்டுக்குக் கொஞ்சம்தான் கிடைத்திருக்கும். உங்கள் ஜிபியூ கேட்பது பல ஜிபி. விஎம்மை நிறுத்தி, அந்தப் போர்ட்டில் 'பிரெஃப்64-ரிசர்வ்' அளவைக் கூட்டிவிட்டு மறுபடி கிளப்புங்கள்.

தெம்பனிஸ்: ரூட் போர்ட்டே இல்லாமல், க்யூ35-இன் முதன்மைப் பஸ்ஸான பிசிஐஇ.0-வில் நேராகச் செருகினால்?

முடியாது, அந்தப் பஸ்ஸில் ஹாட்பிளக் கிடையாது. காலி ரூட் போர்ட்டுகளை விஎம் தொடங்கும்போதே வைத்துவிட வேண்டும். பழைய ஐ440எஃப்எக்ஸ் மெஷின் என்றால் பிசிஐ.0-விலேயே செருகலாம்.