இங்கிலாந்தில் வேகக் கேமரா நோட்டீஸ் 14 நாள் கழித்து வந்தால் அபராதம் செல்லாதா?

தாமதமாக வந்துவிட்டது என்று உடனே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதல் நோட்டீஸ் 14 நாளுக்குள் வண்டியின் பதிவு உரிமையாளருக்குப் போய்ச் சேர வேண்டும். சிக்கல் அந்த ‘முதல்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. வண்டி லீஸிலோ கம்பெனி பெயரிலோ இருந்தால் முதல் கடிதம் அங்கே போயிருக்கும். அவர்கள் உங்கள் பெயரைச் சொன்ன பிறகு உங்களுக்கு வருவது இரண்டாவது. அதற்கு இந்தக் கெடு கிடையாது. வீடு மாறியும் பதிவில் முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால், தாமதம் உங்கள் தலையில்தான் விழும்.

வண்டி உங்கள் பெயரில், முகவரியும் சரி என்றால் கேட்டுப் பார்க்கலாம். உறையைப் பத்திரமாக வையுங்கள், தபால் முத்திரையில் தேதி இருந்தால் உதவும். முதல் வகுப்புத் தபால், போட்ட இரண்டாவது வேலை நாளில் சேர்ந்துவிட்டதாகவே கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

எது எப்படியோ, ஓட்டியது யார் என்று கேட்கும் படிவத்தை 28 நாளுக்குள் நிரப்பி அனுப்பிவிடுங்கள். தாமதத்தைப் பற்றித் தனியாக ஒரு கடிதமும் வையுங்கள். அனுப்பாவிட்டால் அது வேறு குற்றம்: ஓட்டுநர் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளி, 1000 பவுண்டு வரை அபராதம். வேகமாகப் போனதற்கு வழக்கமாக விழுவதே 3 புள்ளிதான்!