நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்

வணக்கம் சகோதரி. ஆறு வயது மகள் நூறு வரை ஒப்பிக்கிறாள், கழித்தல் என்றால் நோட்டைப் பார்த்ததுமே அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பத்துப் புளியங்கொட்டை எடுங்கள். சிலவற்றைக் கொட்டாங்குச்சிக்கு அடியில் மறைத்துவிட்டு, "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். வெளியே இருப்பதை எண்ணி அவளே சொல்வாள், கழித்தல் அவ்வளவுதான். அப்புறம் அவள் மறைக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் என் பையனுக்குக் குஷி தாங்காது!

காட்பாடியில்தானே இருக்கிறீர்கள்? வேலூர் வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளி, குதிரை தேடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து களிமண்ணில் ஒன்று செய்யட்டும். குதிரை நாய் மாதிரி வந்தாலும் திருத்தாதீர்கள்.

எதையும் வாயில் போடும் சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால், கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள்.