முள் அசையாத ஸ்பீடோமீட்டர்: கேபிள் மட்டும்தானா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். 1960-களில் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை டீலரிடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டும்போது ஸ்பீடோமீட்டர் முள் அசையவே இல்லை. “மீட்டர் கேபிள்தான் போயிருக்கும், சின்னச் செலவு” என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: கேபிள் மட்டும்தான் என்றால் சின்னச் செலவுதான். அப்படியானால் அவரே மாற்றிவிட்டு விற்றிருக்கலாமே என்பதுதான் என் முதல் சந்தேகம். மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்த முறை முள்ளை விட்டுவிட்டு, மைல் எண்கள் நகர்கின்றனவா என்று கவனியுங்கள்.

அந்தக் கால மீட்டரில் வேகம் காட்டுவதற்கு மின்சாரமே கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் அதை ஒட்டியுள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். கிண்ணத்தோடு சேர்ந்த முள், மெல்லிய சுருள்வில் தடுக்கும் இடம்வரை போய் நிற்கும். மைல் எண்களும் அதே கேபிளில்தான் ஓடுகின்றன, ஆனால் பற்சக்கரம் வழியாக. ஆக, எண்கள் ஓடி முள் மட்டும் அசையவில்லை என்றால் கேபிள் நன்றாகவே இருக்கிறது, கோளாறு மீட்டருக்குள். டீலர் சொன்னது அங்கேயே அடிபட்டுப்போகும்.

இரண்டுமே அசையவில்லையா? மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றி, உள் வயரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பிரிந்த நுனியோடு பாதியிலேயே கையில் வந்தால் அறுந்திருக்கிறது. முழுதாக வந்தால் கியர்பாக்ஸ் முனையைப் பார்க்க வேண்டும். அறுந்திருந்தாலும் அதோடு விடக் கூடாது. ஏன் அறுந்தது? எண்ணெய் வற்றி மீட்டரே இறுகிப்போயிருந்தால் புதுக் கேபிளும் சீக்கிரம் அறும். பழைய வயரில் ஒரு துண்டை மீட்டரில் செருகி விரலால் உருட்டினால் இலகுவாகச் சுற்ற வேண்டும். புதுக் கேபிளை வளைத்து நெருக்காமல் பூட்டச் சொல்லுங்கள். கிரீஸும் கொஞ்சமாக, மேல்முனையை விட்டுத் தடவினால் போதும். இல்லாவிட்டால் அது ஏறி மீட்டருக்குள் போய்விடும்.

“வேறு மீட்டர் போட்டுத் தருகிறேன்” என்றால் உஷார். முகப்பில் பொடி எழுத்தில் 1280 போல ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. 1280 சுற்று தரும் காரில் 1000 என்று போட்ட மீட்டரை மாட்டினால், 50 மைல் வேகத்தில் போகும்போது 64 என்று காட்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை மைல் கணக்குதான். எண்கள் நின்றிருந்தால் எப்போது நின்றன என்று யார் சொல்வது? ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே “குறைந்த மைல் ஓடிய கார்” என்பதற்காக ஒரு பவுண்டுகூட அதிகம் தராதீர்கள். பழைய எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) பதிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், மைல் கணக்கும் அதில் இருக்கும். 40 வருடத்துக்கு மேற்பட்ட கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது அந்தச் சோதனை கட்டாயமில்லை, அதனால் இடைவெளிகள் இருக்கலாம். சர்வீஸ் பில்களையும் கேளுங்கள்.

டீலரிடம் வாங்குவதால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. தரக்குறைவான பொருளையோ சொன்னபடி இல்லாத பொருளையோ 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். ஆனால் வாங்கும் முன்பே சுட்டிக்காட்டிய குறையை வைத்து, தரம் சரியில்லை என்று பிறகு வாதாட முடியாது. அதனால் “கேபிள் மட்டுமே பழுது, மீட்டர் நன்றாக இருக்கிறது” என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், மீட்டரைப் பிரித்துச் சரிசெய்யும் செலவை நிபுணரிடம் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.