மட்டக்களப்பில் இருந்துகொண்டு சிறு பிள்ளைகளுக்கு உலக ஓவியர்களை எப்படி அறிமுகப்படுத்துவது?

நான்கு முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்குப் புகழ்பெற்ற ஓவியர்களைக் கைவேலைகள் மூலம் அறிமுகப்படுத்துவதில் பயன் உண்டா, பெரிய ஓவியக்கூடம் எதுவும் அருகில் இல்லாத மட்டக்களப்பில் அதை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லடிப் பக்கத்தில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தரம் ஒன்று, இரண்டு மாணவர்களுக்கும் சித்திரம் கற்பித்து வருபவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் இணையத்தில் கிடைக்கும் செயற்பாட்டுத் தாள்கள் பெரும்பாலும் ஓவியரின் படத்தைக் காட்டி, அதைப் போலவே ஒன்றை வரையச் சொல்கின்றன. அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஓவியர் எந்தப் பொருளைக் கையில் எடுத்தார், எந்தத் தடையோடு வேலை செய்தார் என்பதை முதலில் பிள்ளைகள் தங்கள் கைகளால் அறிய வேண்டும். படமும் பெயரும் அதன் பிறகு வரலாம். வகுப்பு முடிவில் எல்லாத் தாள்களும் ஒரே மாதிரி இருந்தால், ஆசிரியையின் மாதிரிப் படத்தைப் பிரதி செய்ததோடு அன்றைய வேலை முடிந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தொடங்குவதற்கு ஹென்றி மத்தீஸைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கடினம். 1869இல் பிறந்த இந்தப் பிரெஞ்சு ஓவியர் 1941இல் புற்றுநோய்க்காகப் பாரிய சத்திரசிகிச்சை ஒன்றுக்கு உள்ளாகி, அதன் பின்னர் பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமே வாழ்ந்தார். முன்போல நின்று வரைய முடியாத நிலையில், உதவியாளர்கள் வெள்ளைத் தாள்கள் முழுவதும் நிறம் பூசிக் கொடுக்க, அவற்றைக் கத்தரிக்கோலால் நேரடியாக வெட்டி, துண்டுகளைச் சுவரில் ஊசியால் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்துத் தம் இறுதிக் காலப் படைப்புகளை உருவாக்கினார். இந்த ஒழுங்கை அப்படியே பின்பற்றுங்கள். முதல் நாள் பிள்ளைகள் தாள்களுக்கு நிறம் மட்டும் பூசட்டும். ஒரு தாளுக்கு ஒரு நிறம் போதும். தாள் காய்ந்த பின், இன்னொரு நாளில், பென்சிலால் கோடு எதுவும் போடாமல் வெட்டச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத பிள்ளை கையால் கிழித்தாலும் குறைவில்லை. பசையை உடனே கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் இதில் மிக முக்கியம். துண்டுகளை பிரிஸ்டல் போட்டில் வைத்து, நகர்த்தி, திருப்பி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும் அந்த இடைவேளையில்தான் பிள்ளை தானாக முடிவெடுக்கிறது. அவசரப்பட்டு ஒட்டவைத்தால் அது வெறும் ஒட்டுவேலையாகிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மத்தீஸின் 1953ஆம் ஆண்டுப் படைப்பான 'நத்தை'யைக் காட்டுங்கள். "நத்தை எங்க டீச்சர்?" என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நிறத்துண்டுகள் சுருள்வடிவில் அடுக்கப்பட்டிருப்பதை நீங்கள் சொல்லாமலே இன்னொரு பிள்ளை விரலால் சுழற்றிக் காட்டும் வரை பொறுத்திருங்கள். இலண்டன் டேட் கூடத்தில் உள்ள அந்தப் படைப்பு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 2.9 மீற்றர் நீளமுடையது. தொலைபேசித் திரையில் அதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த அளவு புலப்படாது. ஆகவே முற்றத்து மணலில் கயிறு பிடித்து அதே அளவில் ஒரு சதுரம் கீறி, உள்ளே எத்தனை பேர் நிற்கலாம் என்று பார்க்கச் செய்யுங்கள். நாற்காலியில் இருந்த ஒரு முதியவர் இவ்வளவு பெரியதை எப்படிச் செய்திருப்பார் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

அடுத்து, நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்றிலிருந்து போகக்கூடிய ஓவியர் பியத் மொன்றியான். மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை வகுப்பில் விரித்து வைத்து, கோடுகள் எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன, வெட்டும் இடத்தில் நிறம் என்னவாகிறது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் செய்யுங்கள். நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் சந்திக்கும் இடத்தில் இரண்டு நிறங்களும் கலந்த மூன்றாவது சாயல் ஒன்று தெரியும். அதன் பிறகு மொன்றியானின் 1930ஆம் ஆண்டுப் படைப்பைப் பாருங்கள்: சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூன்றும் கறுப்புக் கோடுகளால் பிரிக்கப்பட்டு, ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. நெசவாளிக்குத் தறியில் தவிர்க்க முடியாததை இந்த ஓவியர் வேண்டுமென்றே விலக்கினார் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைகூடத் தன் சொற்களில் சொல்லிவிடுகிறது. 1940இல் நியூயோர்க் சென்ற பின்னர் மொன்றியான் நிற நாடாக்களை ஒட்டிக் கோடுகளின் இடத்தைச் சோதித்துப் பார்த்தார். நாமும் கறுப்புக் கடதாசிக் கீற்றுகளைக் கொடுத்து அதையே செய்யலாம். சாரம் பற்றிய பேச்சில் வீட்டுப் பெரியவர்களும் ஆர்வமாகச் சேர்ந்துகொள்வார்கள் என்பது இதில் கிடைக்கும் மேலதிக நன்மை.

நிறப்பெட்டி வாங்க வசதியில்லாத இடங்களில் ஜாமினி ராய் கைகொடுப்பார். 1887இல் வங்காளத்தில் பிறந்து, கல்கத்தாவின் அரச கலைக் கல்லூரியில் மேலைத்தேய முறையைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். பின்னர் அதை விட்டு, வங்காளக் கிராமத்துப் படக்கலைஞர்களின் வழிக்குத் திரும்பி, மண்ணிலிருந்தும் செடிகளிலிருந்தும் கிடைக்கும் நிறங்களைப் புளியங்கொட்டைப் பசையோடு சேர்த்துப் பயன்படுத்தினார். நமக்கும் புளியங்கொட்டை கிடைக்கும். வறுத்துத் தோல் நீக்கி, மாவாக்கிக் காய்ச்சினால் பசை கிடைத்துவிடும். அந்த வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் மஞ்சள், அடுப்புக்கரி, செங்கல்தூள் ஆகியவற்றை அரித்து அதில் குழைப்பார்கள். மஞ்சளால் பூசிய பகுதி வெயில் படும் சுவரில் சில நாட்களிலேயே மங்கத் தொடங்கும். அதை மறைக்காதீர்கள், ஏன் கரி மங்கவில்லை, மஞ்சள் மட்டும் மங்கியது என்று அவர்கள் கேட்கும் கேள்வி ஓவியப் பாடத்துக்குள்தான் அடங்கும். இந்த வயதில் எதையும் வாயில் வைப்பார்கள் என்பதால் சலவை நீலத்தை மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

மைக்கேலாஞ்சலோவுக்காக மேசையின் அடிப்பக்கத்தில் தாள் ஒட்டி, பிள்ளைகளைக் கீழே படுக்கவைத்து வரையச் சொல்வது எங்கும் காணப்படும் ஒரு செயற்பாடு. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்தான். ஆனால் 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலயக் கூரையை வரைந்தபோது அவர் படுத்திருக்கவில்லை; சாரத்தட்டின் மேல் நின்று, தலையை அண்ணாந்து, கையை உயர்த்தி வரைந்தார். அந்த வேதனையைப் பற்றி அவரே ஒரு கவிதை எழுதி, நின்று வரையும் தம் உருவத்தையும் அருகில் கீறி வைத்திருக்கிறார். எனவே பிள்ளைகளை மேசைக்கடியில் உட்காரவைத்துக் கையை மேலே தூக்கி வரையச் செய்யுங்கள். கை வலிக்கிறது என்று அவர்கள் முறையிடும்போது பாடம் நடந்துவிட்டது.

வான்கோவைப் பொறுத்தவரை 'நட்சத்திர இரவு' படத்தின் சுழிகளைப் பிரதி செய்யும் தாள்களை நான் ஒதுக்கிவிடுகிறேன். அதற்குப் பதிலாக நிறத்தில் கோதுமை மாவைக் குழைத்துத் தடிப்பாகப் பூசி, ஈர்க்கால் கீறச் செய்தால், அவர் தூரிகைத் தடங்கள் மேலெழுந்து நிற்க ஏன் விரும்பினார் என்பது விரலுக்கே தெரியும். அவர் தம் காதை வெட்டிக்கொண்ட கதையை இந்த வயதில் சொல்லத் தேவையில்லை.

வேற்று நாட்டார் பெயர்களே போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. 1901இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற், 1943இல் கொழும்பில் உருவான '43 குழு என்ற நவீன ஓவியர் குழுவின் உறுப்பினர். அவருடைய உருவங்கள் தடித்த, வளைந்து ஓடும் கோடுகளால் ஆனவை. வாசலில் கோலம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, கையை எடுக்காமல் ஒரே கோட்டில் அம்மாவின் முகத்தை வரைவது புதிதாகத் தோன்றாது. அதைச் செய்த பிறகு கீற்றின் படம் ஒன்றைக் காட்டினால், கோட்டை எங்கிருந்து தொடங்கியிருப்பார் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

படங்களைக் குறைந்தது ஏ3 அளவில் நிறப்பிரதி எடுத்து, வேலை முடிந்த பின்னரும் ஒரு வாரமாவது பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு தவணைக்கு ஒரே ஓவியர் போதும். வாரத்துக்கு ஒருவர் என்று ஓடினால் பெயர்கள் மட்டுமே மிஞ்சும். "இது என்ன கிறுக்கல்?" என்று கேட்கும் பெற்றோருக்காக, பிள்ளை தன் படத்தைப் பற்றிச் சொன்னதைத் தாளின் பின்பக்கத்தில் அதன் சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது எவ்வளவு உதவும் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்தக் கணக்கில் இதை நான் செய்வதுமில்லை.

அசல் ஓவியம் எதையும் பார்க்க வாய்ப்பில்லையே என்று கவலைப்பட வேண்டாம். விடுமுறையில் கொழும்புக்குப் போகும் குடும்பங்கள் பொரளை கோதமி விகாரையில் கீற் வரைந்த சுவரோவியங்களையும், அந்தக் குழுவைச் சேர்ந்த ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் இயங்கும் சபுமல் நிறுவகத்தில் '43 குழுவினரின் ஓவியங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். போவதற்கு முன் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். கையில் ஒரு சித்திரக் கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும்.