கீசருக்கு எந்த நேரத்தில் ஓய்வு?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறோம். எங்களுடையது முன்பணம் கட்டி யூனிட் வாங்கும் மீட்டர். எந்நேரமும் ஒரே விலை. செலவைக் குறைப்பதற்காக என் கணவர் 150 லிட்டர் கீசருக்கு டைமர் பொருத்தி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை நிறுத்திவிடுகிறார். நாங்கள் நால்வரும் இரவு 9 மணிக்கு மேல் குளிப்பவர்கள். விடியற்காலை 5 மணிக்குக் குளித்து விளக்கேற்றும் என் மாமியாரோ தண்ணீர் ஆறிவிட்டதாக வருந்துகிறார். துணி துவைப்பதையும் இரவுக்கு மாற்றிவிட்டோம். இதில் மிச்சம் உண்டா?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவரின் எண்ணம் சரியானது, அவர் குறித்த நேரம்தான் தவறு. நல்ல உறையுள்ள 150 லிட்டர் கீசரில் நிறைந்திருக்கும் சுடுநீர், மின்சாரம் இல்லாமல் எட்டு மணி நேரம் இருந்தாலும் நான்கைந்து டிகிரிதான் ஆறும். ஆகவே மாமியாரின் குறைக்குக் காரணம் இரவுக் குளிர் அன்று. நால்வர் குளித்தபின் உள்ளே புகுந்த பச்சைத் தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே டைமர் நிறுத்திவிடுவதுதான். தொட்டி முழுவதையும் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் தேவை. 3 கிலோவாட் கம்பிச்சுருள் அதற்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

எனவே இரவில் நீங்கள் குளிக்கும்போது கீசர் ஓடாமல் பார்த்துக்கொண்டு, அதிகாலை 2.30 மணிக்கு ஓடவிட்டு, 5 மணிக்கு மறுபடி நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தொட்டி சுடுதொட்டியைவிடக் குறைவாகவே வெப்பத்தை இழப்பதால், 2.30 மணி வரை அது அப்படியே கிடப்பது இலாபம்தான். மீண்டும் சூடேற்ற அதிகம் செலவாகும் என்று பலர் சொல்வது தவறு. ஆனால் இந்த மிச்சம் நாளுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டுவது அரிது. பெரிய மிச்சம் வாளியில்தான் இருக்கிறது: சுடுநீரில் பத்து லிட்டர் குறைந்தால் அரை யூனிட் அளவு குறையும். கீசருக்கு வெப்பக்காப்புப் போர்வை சுற்றுவதும் நல்லது. கீசரில் குறித்து வைக்கும் சூட்டை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பில் நோய்க்கிருமிகள் பெருகும், வீட்டில் முதியவர் வேறு இருக்கிறார்.

ஒரே விலையுள்ள மீட்டரில் இரவில் துணி துவைப்பதால் ஒரு காசும் மிஞ்சாது. பகலில் துவைத்தால் வெயிலாவது கிடைக்கும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் யூனிட்டும் குறையும்.

நாட்டின் அரசு மின்நிறுவனமான எஸ்கொம் நேரடியாக மின்சாரம் வழங்கும் வீடுகளில், நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் ஹோம்ஃப்ளெக்ஸ் கட்டணத்தில் இருப்பவர்களின் கணக்கு வேறு. வார நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அவர்களுக்கு விலை குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை, மாலை உச்ச நேரங்களில் விலை மிக அதிகம். அங்கே இதே அதிகாலை நேரம் செலவையும் குறைக்கும்.

இன்னொன்று: 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் டைமர் சுவரில் செருகும் சாதாரண வகையாக இருந்தால், உடனே கழற்றிவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மின்பெட்டியிலேயே தகுந்த டைமரைப் பொருத்தச் சொல்லுங்கள்.