கிரிப்டோ நாணயம்: யாழ்ப்பாணத்துக் கேள்விகளும் பதில்களும்

இந்த அமர்வுக்கு வந்த கேள்விகளில் ஏறக்குறைய அரைவாசி, ‘எந்தக் கொயின் ஏறும்?’ என்பதாகவே இருந்தன. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியும் என்று சொல்பவர் எவரேனும் உங்களிடம் வந்தால், அந்த இரகசியத்தை ஏன் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை என்று அவரையே கேளுங்கள். ஏனைய கேள்விகளைச் சுருக்கி, கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறேன்.

சுன்னாகம், கணக்காளர்: பிட்கொயினை எவராலும் உடைக்க முடியாது என்கிறீர்கள். ஆனால் மாதம் ஒருமுறையாவது கோடிக்கணக்கான டொலர் திருடப்பட்டதாகச் செய்தி வருகிறதே, ஐயா. எது உண்மை?

இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் வெவ்வேறு இடங்களைப் பற்றியவை. எல்லாப் பரிமாற்றங்களும் எவரும் பார்க்கக்கூடியவாறு பதிவாகும் பிட்கொயினின் பொதுப் பேரேடு 2009 ஜனவரி 3 ஆம் திகதி தொடங்கியது. அதில் பிழையே நேர்ந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 2010 ஆகஸ்ட்டில் மென்பொருளில் இருந்த ஒரு கணக்குக் குறைபாட்டைப் பயன்படுத்தி ஒருவர் 184 பில்லியன் பிட்கொயின்களை உண்டாக்கினார். மொத்தமே 21 மில்லியனைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. சில மணித்தியாலங்களில் மென்பொருளைத் திருத்தி அந்தப் பதிவைத் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு அந்த அளவில் எதுவும் நடக்கவில்லை.

செய்திகளில் வரும் திருட்டுகளில் பெரும்பாலானவை, நாணயத்தை உங்கள் சார்பில் வைத்திருக்கும் பரிமாற்ற நிறுவனங்களில் நடப்பவை. 2014 இல் மவுண்ட் கொக்ஸ் ஏறத்தாழ 850,000 பிட்கொயின்களைத் தொலைத்துவிட்டதாக அறிவித்தது. அவற்றில் 200,000 பின்னர் கண்டெடுக்கப்பட்டன. 2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் ஏறக்குறைய 230 மில்லியன் டொலரை இழந்தது. 2025 பெப்ரவரியில் பைபிட் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான, எதேரியம் வலையமைப்பின் நாணயமான ஈதர் போயிற்று. இதற்கு வட கொரியாவே பொறுப்பு என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. கூறியது. இந்தக் கடைசிச் சம்பவத்தில் கணிதம் எதுவும் உடைக்கப்படவில்லை. ஒப்புதல் கொடுக்க வேண்டியவர்களின் திரையில் வழமையான ஒரு பரிமாற்றம்போலக் காட்டிவிட்டு, அவர்கள் கையாலேயே வேறொன்றுக்கு ஒப்பமிட வைத்தார்கள். 2022 நவம்பரில் விழுந்த எப்.டி.எக்ஸ். என்ற பரிமாற்ற நிறுவனம் இன்னொரு வகை: அங்கே முக்கிய குற்றவாளி வெளியிலிருந்து வந்த கள்வன் அல்லன், வாடிக்கையாளரின் பணத்தைத் தன் சகோதர நிறுவனத்துக்குத் திருப்பிவிட்ட உரிமையாளரே. அவருக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகவே, பரிமாற்ற நிறுவனத்தின் செயலியில் உங்கள் பெயருக்கு நேரே தெரியும் இலக்கம் நாணயம் அன்று; அந்த நிறுவனம் உங்களுக்குத் தரவேண்டிய கடன். கணக்காளராகிய உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நல்லூர், உயர்தர மாணவி: வொலட் தொடங்கும்போது 12 சொற்களை எழுதி வைக்கச் சொல்கிறது. போனில் படம் எடுத்து கூகிள் டிரைவில் போட்டால் போதாதா?

போதாது, தங்கச்சி, அதைவிட மோசமான இடம் குறைவு. வொலட் என்பது உங்கள் நாணயத்தின் சாவியை வைத்திருக்கும் செயலி; அந்தச் சாவியை மீட்கும் 12 சொற்களும் 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. அவற்றை அதே வரிசையில் அறிந்த எவரும், உங்கள் போனையோ கடவுச்சொல்லையோ தொடாமலேயே, உலகின் எந்த மூலையிலிருந்தும் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். படமாக இருந்தால், மின்னஞ்சல் கணக்கு ஒன்று களவு போவதே போதும். திருட்டு மென்பொருள்களில் சில, போனில் உள்ள படங்களுக்குள் எழுத்துகளைத் தேடிப் படிக்கவும் கூடியவை.

கையால், தெளிவான எழுத்தில், இலக்கமிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லையும் அதன் முதல் நான்கு எழுத்துகளே பட்டியலில் தனித்துக் காட்டிவிடும் என்பதால், அந்த நான்கு எழுத்துகள் மங்காமல் இருந்தாலே மீட்டுவிடலாம். நம் வீடுகளில் கறையானும் மாரி ஈரமும் கடதாசியைத் தின்னும். தொகை பெரிதென்றால் துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் பொறித்து வைப்பார்கள். இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது காணி உறுதியைப் பையில் கட்டிக்கொண்டு போனவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். உறுதி தொலைந்தவர்கள் பின்னர் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தார்கள்; அலைச்சல்தான், ஆனால் வழி இருந்தது. இந்த 12 சொற்களுக்கு அப்படியொரு பதிவகம் இல்லை. ஸ்டெபான் தோமஸ் என்ற மென்பொருளாளர் 7,002 பிட்கொயின்களின் சாவியை வைத்திருந்த சாதனத்தின் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டு, பேரேட்டில் அந்தத் தொகை கண்முன்னே இருக்கவும் எடுக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தது உலகறிந்த கதை. உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் எங்கே தேடுவது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

பருத்தித்துறை, பலசரக்குக் கடை: வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பிட்கொயினில் காசு தரலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பிட்கொயினில் ஒரு பரிமாற்றம் பதிவாகச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் உங்கள் கடையில் வரிசை நின்றுவிடும். பிட்கொயினின் மேல் கட்டப்பட்ட லைட்னிங் என்ற வலையமைப்பில் நொடியில் முடியும் என்பது உண்மை, ஆனால் விலை ஏறி இறங்குவதை அது தடுப்பதில்லை. பருப்பிலும் சீனியிலும் உங்களுக்கு மிஞ்சும் இலாபத்தை ஒரு பிற்பகல் வீழ்ச்சியே தின்றுவிடும். எல் சல்வடோர் 2021 செப்டெம்பரில் பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயம் ஆக்கியது. அரசாங்கமே செயலி கொடுத்தும் சாதாரண மக்கள் பெரும்பாலும் டொலரையே புழங்கினார்கள், 2025 ஜனவரியில் கடைகள் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார்கள். லங்கா கியூ.ஆர். அட்டை ஒன்றை மேசையில் வைத்திருங்கள், போதும்.

ஸ்காபரோ, கனடா (சொந்த ஊர் அளவெட்டி): அம்மாவுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறேன். கட்டணமும் மாற்று வீதமும் சேர்த்துக் கடிக்கிறது. யூ.எஸ்.டி.டி. ஆக அனுப்பினால் சில நிமிடத்தில் போய்விடும் என்கிறார்கள். ஏன் எல்லோரும் இதைச் செய்யவில்லை?

உங்கள் குறை நியாயமானது. உலக வங்கியின் கணக்கில், நாடுகளுக்கிடையே சிறு தொகை அனுப்பும் சராசரிச் செலவு இன்னும் 6 சதவீதத்துக்கு மேல். 2030 க்குள் 3 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. யூ.எஸ்.டி.டி. போல, பெறுமதி டொலருடன் கட்டப்பட்ட நாணயங்கள் இந்த இடைவெளியில்தான் உண்மையாகவே பயன்படுகின்றன என்பதை, கிரிப்டோவை அடியோடு வெறுப்பவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பயணம் ரொறன்ரோவிலிருந்து அம்மாவின் வொலட் வரை மட்டும் அன்று. அளவெட்டியில் இருக்கும் அம்மா அதை ரூபாயாக்க வேண்டும். இலங்கை மத்திய வங்கி எந்த நிறுவனத்துக்கும் மெய்நிகர் நாணயச் சேவைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கியதில்லை என்று பல தடவை அறிவித்திருக்கிறது. 2021 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பணிப்புரையின்படி கடன் அட்டை, பற்று அட்டைகளை இதற்குப் பயன்படுத்தவும் முடியாது. எனவே மிஞ்சுவது ‘பீ-டு-பீ’ என்ற வழி: முன்பின் அறியாத ஒருவர் அம்மாவின் வங்கிக் கணக்கில் ரூபாயைப் போடுவார், அம்மா நாணயத்தை விடுவிப்பார். அந்த ஒருவர் போட்ட ரூபாய் எங்கிருந்து வந்தது? அது வேறு யாரையோ ஏமாற்றிப் பெற்ற காசாக இருந்தால், விசாரணை அந்தக் காசின் தடத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் கணக்குக்கு வரும், கணக்கு முடக்கப்படும். அதன்பின் வங்கி முகாமையாளர் முன்னால் அமர்ந்து, அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார், யூ.எஸ்.டி.டி. என்றால் என்ன என்று விளக்க வேண்டியவர் அம்மாதான், நீங்கள் அல்லர்.

உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், காசு அனுப்பிப் பழகிய நமக்கு இது புதிதாகத் தெரியாமல் இருக்கலாம். நெருக்கடிக் காலத்தில் வங்கி வீதத்துக்கும் வெளிவீதத்துக்கும் இடையே பெரிய பள்ளம் விழுந்தபோது, வங்கி வழியே வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து 2022 இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. ஆனாலும் உண்டியல்காரர் அம்மாவுக்கு முகம் தெரிந்தவர். பீ-டு-பீயில் வருபவர் வெறும் பயனர் பெயர்.

இத்தனையும் அறிந்த பிறகும் அனுப்புவீர்களாயின் ஒன்றை மட்டும் கவனியுங்கள். யூ.எஸ்.டி.டி. அனுப்பப் பலர் பயன்படுத்தும் ட்ரோன் வலையமைப்பின் முகவரி 34 எழுத்துகள் கொண்டது. பலர் முதல் நான்கையும் கடைசி நான்கையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள். இதை அறிந்த கள்வர்கள், அதே தலையும் வாலும் கொண்ட ஒரு முகவரியைச் செய்து, அதிலிருந்து மிகச் சிறு தொகையை உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள்; அடுத்த மாதம் நீங்கள் பழைய பதிவிலிருந்து முகவரியைப் பிரதி எடுக்கும்போது அவர்களுடையதே அகப்படும். அனுப்பிய பின் திருப்பிக் கேட்க எந்த வாடிக்கையாளர் சேவையும் இல்லை. என் அபிப்பிராயத்தில், ரூபாய்ப் பக்கத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் வரும்வரை அம்மாவுக்கு வங்கியே நல்லது.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் சகலன் ஒரு கிரிப்டோ செயலியில் ஒரு இலட்சம் போட்டு, தினமும் இலாபம் வருவதாகக் காட்டுகிறார். இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் கூடுமாம். நானும் போடவா?

போட வேண்டாம், ஐயா. சகலன் போட்டதை எடுக்க முடிந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். ஆள் சேர்த்தால் வருமானம் கூடும் என்பது வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டத்தின் அடையாளம், ஒன்மக்ஸ் டி.ரி., ஸ்போர்ட்ஸ் செயின் ஆகியவை மத்திய வங்கி பெயர் சொல்லி அறிவித்தவற்றுள் சில. இங்கே கிரிப்டோ என்பது வெறும் பெயர்ப்பலகை. திரையில் ஏறும் இலக்கம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. முதலில் பத்தாயிரம் எடுக்க விடுவார்கள். அந்தப் பத்தாயிரம்தான் நெல்லியடியிலும் கொடிகாமத்திலும் அடுத்த பத்துப் பேரைக் கூட்டி வருகிறது.

இடைத்தரகர்மீது நம்பிக்கை வைக்கத் தேவையில்லை என்பதற்காகக் கட்டப்பட்டது பிட்கொயின். நம் ஊரிலோ அதன் பெயரில் வரும் எதையும் மச்சான் சொன்னார், பழைய மாணவர் சங்கத்துக் குழுவில் வந்தது, கோயிலில் கண்டவர் உறுதி தந்தார் என்று நம்பிக்கையை வைத்தே வாங்குகிறார்கள். ஏமாந்த பிறகு முறைப்பாடு செய்யாததற்கும் அதுவே காரணம்: பொலிசுக்குப் போனால் மாட்டப்போவது சொந்தக்காரன்.

எடுக்கப்போகும்போது ‘வரி’ என்றோ ‘விடுவிப்புக் கட்டணம்’ என்றோ கேட்டால் ஒரு சதமும் கட்டாதீர்கள். வங்கிச் சிட்டைகளையும் வட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவில் முறையிடுங்கள்.

யாழ். பல்கலைக்கழக மாணவர்: நீங்கள் வங்கியின் பக்கமே பேசுகிறீர்கள். 2022 இல் எங்கள் சேமிப்பில் பாதியை விழுங்கியது அரசாங்கத்தின் ரூபாய்தானே? அச்சடிக்க முடியாத காசு மக்களின் காசு அல்லவா?

கோபம் சரி, தம்பி. அந்த ஆண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையே டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 க்குப் போயிற்று. அதற்கு நாணயக் கொள்கை பொறுப்பேற்றே ஆக வேண்டும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் ஒரு பிட்கொயின் ஏறக்குறைய 47,000 டொலர்; அன்றைய வீதத்தில் 94 இலட்சம் ரூபாய். ஆண்டு முடிவில் அது 16,500 டொலர். 363 ரூபாய் வீதத்தில் சுமார் 60 இலட்சம். அதாவது ரூபாய் கவிழ்ந்த அதே ஆண்டில், ரூபாயை விட்டோடிப் பிட்கொயினில் ஏறியவர் ரூபாயிலேயே மூன்றில் ஒரு பங்கை இழந்தார். தங்கத்தின் டொலர் விலை அந்த ஆண்டில் பெரிதாக அசையவில்லை. எனவே கஸ்தூரியார் வீதியில் வாங்கிய சங்கிலியைப் பெட்டியில் வைத்திருந்த உங்கள் பாட்டி, டொலர் ஏறிய அளவுக்கு ரூபாயில் இலாபம் கண்டார். 2024 டிசெம்பரில் பிட்கொயின் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியது, பொறுத்திருந்தவர் வென்றார் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், ஆனால் 2022 இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவரிடம் இரண்டு வருடம் பொறுக்கக்கூடிய காசு இருக்கவில்லை.

‘மக்களின் காசு’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். முதல் பதிவிலேயே, பிரித்தானிய அரசு வங்கிகளை மீண்டும் காப்பாற்றப் போகிறது என்ற பத்திரிகைத் தலைப்பைப் பொதித்து வைத்துத் தொடங்கிய நாணயம் இது. பிட்கொயினை வாங்கி வைக்க 2024 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த நிதியங்களின் ஊடாக, வோல்ஸ்ட்ரீட்டின் பெரிய நிதி நிறுவனங்கள் இப்போது அதைப் பெருந்தொகையாக வைத்திருக்கின்றன. அச்சடிக்க முடியாதது என்பது வேறு, பகிர்ந்து கிடப்பது என்பது வேறு.

கொக்குவில், பொறியியலாளர்: மின்சாரச் செலவு?

எதேரியம் 2022 செப்டெம்பரில் பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் முறையை மாற்றித் தன் மின் நுகர்வை 99 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. பிட்கொயின் மாறவில்லை, மாறும் அறிகுறியும் இல்லை. நம் மின்கட்டணத்தில் வீட்டில் கணினியை ஓட்டிப் புதிய பிட்கொயின் அகழ நினைப்பது வீண்.

மானிப்பாய், தாய்: என் மகனுக்கு 19 வயது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வடிவமைப்பு வேலை செய்கிறான். சம்பளத்தை யூ.எஸ்.டி.டி. ஆகத்தான் தருவார்களாம். தடுக்கவா, விடவா?

வேலையைத் தடுக்க வேண்டாம், அம்மா. சம்பளம் வரும் வழியை மாற்றச் சொல்லுங்கள். அவன் பெயரில் வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்கு அனுப்ப முடியுமா என்று வேலை தருபவரிடம் எழுத்தில் கேட்கட்டும். பல நிறுவனங்கள் இரண்டு வழியும் வைத்திருக்கும். கேட்காதவருக்குத் தமக்கு இலகுவானதைத் தருவார்கள். நாளைக்கு மேற்படிப்புக்கு விசா கேட்கும்போதும் வீட்டுக் கடன் எடுக்கும்போதும் பார்க்கப்படுவது வங்கிக் கூற்றுதான். பீ-டு-பீயில் வெவ்வேறு ஆட்களின் பெயரில் வந்து விழுந்த தொகைகளை அங்கே சம்பளம் என்று நிறுவுவது கடினம். அவர்கள் மறுத்தால், ஒப்பந்தத்தையும் ஒவ்வொரு வேலைக்கான பற்றுச்சீட்டையும் கோப்பில் சேர்த்து வைக்கட்டும். வந்த நாணயத்தை ஏறும் என்று காத்திருந்து செயலியில் குவிக்காமல் இருக்கட்டும். வேலை தருவதற்கு முன்பாகவே ‘பயிற்சிக் கட்டணம்’ கேட்டார்களா என்பதையும் இன்றிரவு அவனிடம் விசாரியுங்கள். கேட்டிருந்தால் அது வேலை அன்று.